கூரை ஒழுகப் போகிறதா? அறிகுறியை வைத்துக் கண்டுபிடிப்பது எப்படி

வாளி வைத்துப் பிடிக்கும் அளவுக்கு வீட்டுக்குள் தண்ணீர் சொட்டுகிறது என்றால், அது பெரும்பாலும் இன்று நுழைந்த தண்ணீராக இருக்காது. பல மாதங்களாக, சில வீடுகளில் ஓரிரு வருடங்களாகவே, மேலே ஏதோ ஓர் இடுக்கில் இறங்கி, தளத்துக்குள் ஊறி, பூச்சுக்குப் பின்னால் தங்கி, இனி இடமில்லை என்ற நிலையில்தான் அது கீழே விழுகிறது. அதற்கு முன்பே வீடு பல விதத்தில் சொல்லிவிடுகிறது. ஒரு கறை, ஒரு வாடை, லேசாக உப்பிய பெயின்ட். அந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் பல நேரம் ஒரு நாள் வேலையோடு முடிந்துவிடும். விட்டுவிட்டால் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி வரை போய்விடும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் படுக்கையறை மூலையில், சீலிங்கும் சுவரும் சேரும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மங்கலான திட்டு வந்தது. பெயின்ட் பழசாகிவிட்டது என்று நினைத்து, சுரண்டி, பட்டி பார்த்து, மேலே ஒரு கோட் அடித்தோம். அடுத்த மழைக்காலத்தில் அதே இடத்தில் அதே திட்டு. மறுபடியும் பெயின்ட். மூன்றாவது வருடம் ஓர் இரவு அந்த இடத்துப் பூச்சு தட்டு அகலத்துக்குப் பெயர்ந்து மேசை மேல் விழுந்தது. பகலில் பிள்ளைகள் உட்கார்ந்து எழுதும் மேசை அது. விழுந்த இடத்தில் கம்பி வெளியே தெரிந்தது. விரலால் தொட்டால் துரு ஏடு ஏடாக உரிந்து வந்தது. மொட்டைமாடிக்குப் போய்த் தேடினால், தண்ணீர் நுழைந்த வெடிப்பு அந்த மூலைக்கு நேர் மேலே இல்லை. பன்னிரண்டு அடி தள்ளி, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் இடத்தில் இருந்தது.

அன்றிலிருந்து நான் யாரிடமும் முதலில் கேட்பது “எங்கே ஒழுகுகிறது” என்று இல்லை, “எப்போது நனைகிறது” என்றுதான்.

முதலில் நேரத்தைக் கவனியுங்கள்

ஒரு பென்சிலை எடுத்துக் கறையின் விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு போடுங்கள். பக்கத்தில் தேதியை எழுதுங்கள். அடுத்த மழைக்குப் பிறகு கறை கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள். தாண்டியிருந்தால் இன்னொரு கோடு, இன்னொரு தேதி. கூடவே ஒரு தாளில் மழை எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் பெய்தது, காற்று அடித்ததா, ஈரம் எத்தனை மணிக்குத் தெரிந்தது என்று குறித்து வையுங்கள். இரண்டு மூன்று மழைக்குள் ஒரு ஒழுங்கு தெரிந்துவிடும். இந்தத் தாள் ஒன்று கையில் இருந்தால், பழுது பார்க்க வருபவரின் பாதி வேலை முடிந்த மாதிரி.

மழை பிடித்த சில நிமிடத்திலேயே ஈரம் தெரிந்தால், தண்ணீருக்கு நேரான வழி ஒன்று திறந்திருக்கிறது. குழாய் தளத்தைத் துளைத்து இறங்கும் இடத்தில் இடைவெளி, நழுவிய ஓடு, தகரத்தில் தளர்ந்த திருகு, இப்படி ஏதோ ஒன்று. கண்ணுக்குத் தெரியும் ஓட்டையாகவே இருக்கும். தேடினால் கிடைக்கும்.

மழை நின்று ஒரு நாள், இரண்டு நாள் கழித்து ஈரம் காட்டினால் கதை வேறு. மேலே தண்ணீர் தேங்கி நிற்கிறது, தளம் அதை மெதுவாகக் குடித்துக் கீழே தள்ளுகிறது என்று பொருள். இங்கே ஒற்றை ஓட்டையைத் தேடிப் பயனில்லை. தளத்தின் வாட்டத்தையும் (தண்ணீர் ஓடுவதற்கான சரிவு) வடிகாலையும்தான் பார்க்க வேண்டும்.

காற்றோடு சாய்வாக அடிக்கும் மழையில் மட்டும் நனைந்து, நேராகக் கொட்டும் மழையில் ஒன்றும் ஆகவில்லையா? அப்படியானால் பெரும்பாலும் கூரையைக் குறை சொல்ல வேண்டாம். அந்தத் திசையில் இருக்கும் வெளிச்சுவர், கைப்பிடிச் சுவரின் பக்கவாட்டு, ஜன்னலின் மேல்விளிம்பு ஆகியவற்றைப் பாருங்கள்.

மழையே இல்லாத நாளில் நனைந்தால் அது குழாய், தொட்டி, ஏசி, அல்லது காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்து படிவது. அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

சீலிங்கில் பழுப்பு வட்டம்

எல்லோரும் முதலில் பார்ப்பது இதைத்தான். நடுவில் வெளிறி, ஓரத்தில் அடர்ந்த பழுப்புக் கோடு. மேசையில் சிந்திய காபி காய்ந்தால் விளிம்பில் கறுத்த வளையம் விழுகிறதே, அதே சங்கதி. ஈரத்திட்டின் ஓரம்தான் வேகமாகக் காய்கிறது. காய்ந்த இடத்தை நிரப்ப நடுவிலிருந்து தண்ணீர் ஓரத்துக்கு ஓடுகிறது. ஓடும்போது தளத்தில், மரத்தில், பூச்சில் கரைந்த அழுக்கையும் சாயத்தையும் இழுத்துக்கொண்டு போய் விளிம்பில் விட்டுவிட்டு ஆவியாகிவிடுகிறது.

இதனால் வளையங்களை எண்ணிப் பார்ப்பது பயனுள்ளது. ஒரே வளையம் என்றால் ஒரு முறை நனைந்து காய்ந்தது. பழைய கறையாகக்கூட இருக்கலாம். ஒன்றுக்கு வெளியே ஒன்றாக மூன்று நான்கு வளையம் தெரிந்தால், அந்த இடம் பல முறை நனைந்து நனைந்து காய்ந்திருக்கிறது, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது. ஏணி போட்டு ஏறி, புறங்கையை அதன் மேல் வைத்துப் பாருங்கள். பக்கத்துச் சீலிங்கைவிடச் சில்லென்று இருந்தால் உள்ளே இப்போதும் ஈரம் இருக்கிறது. புறங்கை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: உள்ளங்கை காய்த்துப்போயிருக்கும், இந்தச் சிறு வித்தியாசம் அதற்குச் சட்டென்று பிடிபடாது.

கறையை வைத்து மேலே இடத்தைத் தேடும்போது ஒன்றை மறக்க வேண்டாம். தண்ணீர் பள்ளத்தைத் தேடிப் போகும். மேலே ஓடு பதித்த தளமாக இருந்தால், ஓட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் இருக்கும் அடுக்கில் அது படுக்கையாக ஓடி, கான்கிரீட்டில் எங்கே வெடிப்பு கிடைக்கிறதோ அங்கே இறங்கும். சாய்வுக் கூரையில் அதைத் தாங்கும் கைமரத்தின் அடிப்பக்கமாக ஊர்ந்து வந்து, ஓர் ஆணியிலோ முடிச்சிலோ தடுக்கிச் சொட்டும். ஆகவே கறைக்கு நேர் மேலே ஒன்றும் இல்லை என்றால் மேட்டுப் பக்கமாகத் தேடிக்கொண்டே போங்கள். தண்ணீர் மேட்டிலிருந்துதான் வந்திருக்கும்.

பெயின்ட் உப்புவது, பொரிந்து உதிர்வது

விரலால் அழுத்தினால் தண்ணீர்க் கொப்புளம் போல மெத்தென்று இருந்தால், உள்ளே தண்ணீரே தேங்கியிருக்கிறது. கீழே வாளி வைத்து, ஊசியால் ஒரு சிறு துளை போட்டு வடித்துவிடுங்கள். அப்படியே விட்டால் எடை கூடி, பெரிய பரப்பாகக் கிழிந்து விழும். ஜிப்சம் பலகையில் செய்த பொய்க்கூரையாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அந்தப் பலகை தண்ணீர் குடித்தால் பலம் போய்த் தொங்கிவிடும். தொங்கல் கண்ணுக்குத் தெரிந்துவிட்டால், அதன் அடியில் படுக்கையோ நாற்காலியோ இருந்தால் உடனே நகர்த்துங்கள்.

உப்பிய இடம் காய்ந்து, தொட்டால் பட்டியும் பெயின்ட்டும் சேர்ந்து மாவாகக் கொட்டினால், ஈரம் பின்னாலிருந்து வருகிறது. முன்னாலிருந்து எவ்வளவு நல்ல பெயின்ட் அடித்தாலும் அது ஒட்டாது. உள்பக்கம் தண்ணீர் புகாத பெயின்ட்டை அடித்தால் நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். கீழிருந்து அடைத்தால் தண்ணீர் தளத்துக்குள்ளேயே சிறைப்பட்டு, கம்பிக்குப் பக்கத்தில் இன்னும் நாள் கூடத் தங்கும். வெளியே கறை தெரியாது, உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும். இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன்: எங்கள் வீட்டில் கம்பி துருப்பிடித்ததற்கு மழை பாதிக் காரணம், நாங்கள் மேல் மேல் அடித்து மறைத்தது மீதிக் காரணம்.

வெள்ளையாகப் பூப்பது

சீலிங்கிலோ சுவரின் மேற்பகுதியிலோ பஞ்சு போல, மாவு போல வெள்ளையாக ஒன்று படிந்திருக்கும். பலர் அதைப் பூஞ்சை என்று நினைத்துத் துடைத்துவிடுவார்கள். பெரும்பாலும் அது உப்பு. தண்ணீர் சிமென்ட்டுக்குள்ளும் செங்கல்லுக்குள்ளும் நடந்து வரும்போது அங்குள்ள உப்புகளைக் கரைத்துக்கொண்டு வருகிறது. வெளியே வந்து தண்ணீர் ஆவியானதும் உப்பு மட்டும் நின்றுவிடுகிறது.

எது என்று பார்க்க, ஒரு சொட்டுத் தண்ணீரை அதன் மேல் விடுங்கள். கரைந்து மறைந்தால் உப்பு. அப்படியே நனைந்து படுத்துக் கிடந்தால் பூஞ்சையாக இருக்கலாம். கரையாமல், கல் மாதிரிக் கெட்டியாக ஒட்டியிருந்தால் ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் அது சுண்ணாம்பு. கான்கிரீட்டிலிருந்து கரைந்து வந்த சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து கல்லாகிறது. சில பழைய தளங்களின் அடியில் சுண்டுவிரல் நீளத்துக்கு வெள்ளைக் குச்சிகள் தொங்குமே, அது இதுதான். அவ்வளவு வளர்ந்திருந்தால், அந்த வெடிப்பு வழியாகத் தண்ணீர் நீண்ட காலமாகப் போய்வருகிறது என்று தயங்காமல் சொல்லலாம்.

உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டாம். கரைந்து மறுபடி உள்ளே போய், காய்ந்ததும் திரும்ப வரும். காய்ந்த பிரஷால் தேய்த்துத் தட்டி எடுங்கள். எடுத்த பிறகு எத்தனை நாளில் மறுபடி பூக்கிறது என்று பார்ப்பதும் ஒரு சோதனைதான்.

வாடையும் கரும்புள்ளியும்

பூட்டிய அறையைத் திறந்ததும் நனைந்த துணி போல ஒரு வாடை அடித்தால், ஈரம் எங்கோ ஒளிந்திருக்கிறது. கண்ணுக்குக் கறை தெரிவதற்கு முன்பே மூக்கு சொல்லிவிடும். அந்த வீட்டிலேயே இருப்பவர்களுக்கு வாடை பழகிப்போயிருக்கும். அதனால் வெளியூர் போய்விட்டு வந்து கதவைத் திறக்கும் அந்த முதல் நிமிடத்தில் மோந்து பாருங்கள், அல்லது வீட்டுக்கு வருபவர்களைக் கேளுங்கள். மேல் அலமாரி, பரண், சீலிங்கை ஒட்டி நிற்கும் பீரோவின் பின்பக்கம் ஆகியவற்றைத் திறந்து, நகர்த்திப் பாருங்கள். நனைந்த இடம் ஒன்றிரண்டு நாளுக்குள் காயவில்லை என்றால் பூஞ்சை கரும்புள்ளியாகப் பிடிக்கத் தொடங்கிவிடும். ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

விரிசல், துருக் கறை, பொள்ளலான சத்தம்

மற்ற அறிகுறிகளைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் யோசிக்கலாம். இதில் யோசிக்க நேரமில்லை.

நல்ல கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி எளிதில் துருப்பிடிக்காது. கான்கிரீட்டின் காரத்தன்மை அதைச் சுற்றி ஒரு காப்பு போல நிற்கும். வருடக்கணக்கில் காற்றும் ஈரமும் உள்ளே போகப் போக அந்தக் காப்பு போய்விடுகிறது. அப்புறம் துரு தொடங்குகிறது. துருவுக்கு இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் வேண்டும். கான்கிரீட்டுக்குள் அந்த இடம் ஏது? அது கீழே இருக்கும் பூச்சையும் கான்கிரீட்டையும் தள்ளுகிறது. முதலில் கம்பி போகும் வழியிலேயே நேர்கோடாக ஒரு விரிசல் விழும். அப்புறம் அதில் செம்பழுப்பாகக் கறை கசியும். அதற்கடுத்து, கான்கிரீட் துண்டாகப் பெயரும்.

எனவே விரிசல் எப்படிப் போகிறது என்று பாருங்கள். சிலந்தி வலை போல நாலா பக்கமும் மயிரிழையாகப் போனால் பெரும்பாலும் பூச்சு சுருங்கியதுதான், கவலை குறைவு. சீலிங்கில் நேர்கோடாக, ஒன்றுக்கொன்று இணையாக, ஒரே இடைவெளியில் இரண்டு மூன்று விரிசல் போனால் அது கம்பியின் வரிசை. அதில் துருக் கறையும் இருந்தால் கட்டுமானப் பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள். மேலே சிமென்ட் பூசினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். துருவைச் சுரண்டி எடுத்து, கம்பிக்குக் காப்புப் பூசி, அப்புறம்தான் மூட வேண்டும்.

பூச்சு பிடிப்போடு இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. நீளமான மரக்கழியின் முனையால் சீலிங்கை மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். நீங்கள் தட்டும் இடத்துக்கு நேர் கீழே நிற்க வேண்டாம். ஓரடி தள்ளி, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு தட்டுங்கள். நல்ல இடத்தில் கெட்டியான சத்தம் வரும். பூச்சு விட்டுப்போன இடத்தில் காலி டப்பாவைத் தட்டுவது போலப் பொள்ளென்று கேட்கும். ஒரு முறை கேட்டால் பிறகு மறக்காது. பொள்ளல் கேட்ட பரப்பைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, அதன் அடியில் யாரும் படுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது தானாக விழும் முன் நாமே ஆளை வைத்துக் கொத்தி எடுத்துவிடுவது நல்லது.

விளக்கு, மின்விசிறி வழியாகத் தண்ணீர்

தளம் போடும்போதே மின்கம்பி செல்லும் குழாய்களை உள்ளே புதைத்துவிடுகிறார்கள். தளத்தில் இறங்கிய தண்ணீர் அந்தக் குழாய்க்குள் புகுந்தால் வாய்க்கால் கிடைத்த மாதிரி ஓடி, விளக்குப் பெட்டியிலோ விசிறிக் கொக்கியிலோ வந்து சொட்டும். விசிறிக்குப் பக்கத்தில் ஓட்டை இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். நுழைந்த இடம் அறையின் மறுகோடியாகக்கூட இருக்கலாம்.

தண்ணீர் வந்தால் அந்த விளக்கின் சுவிட்சைத் தொட வேண்டாம். மின்பலகைக்குப் போகும் வழி ஈரமில்லாமல் இருந்தால், காய்ந்த கையோடு போய் அந்த அறைக்கான இணைப்பை, எது என்று தெரியாவிட்டால் மெயினையே, அணைத்துவிடுங்கள். வழியே நனைந்து கிடந்தால் போகாதீர்கள், எலக்ட்ரீஷியனை அழையுங்கள். இதில் ஒரு ஆரம்ப அறிகுறியும் உண்டு: மழை பெய்யும்போது மட்டும் டிரிப்பர் விழுந்து, வெயில் வந்ததும் சரியாகிறதா? சீலிங்கில் சின்னக் கறைகூட இல்லாமல் இருக்கலாம், ஆனால் ஈரம் மின்கம்பிவரை போயிருக்கிறது. டிரிப்பரை மாற்றினால் போதும் என்று விடாமல் எலக்ட்ரீஷியனிடமும் காட்டுங்கள், மேலேயும் ஏறிப் பாருங்கள்.

கூரையா, வேறு ஏதாவதா?

கூரையைக் கொத்துவதற்கு முன் இதை உறுதி செய்துகொள்ளுங்கள். குழாயில் இருந்த ஒழுக்குக்காகத் தளம் முழுவதும் புதிதாகப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சுவரின் அடியில் தொடங்கி ஏறக்குறைய இடுப்பளவு ஏறி நிற்கும் ஓதம் தரையிலிருந்து வருவது. கூரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சுவரின் உச்சியில் தொடங்கிக் கீழே வழிந்தால் கூரையையோ கைப்பிடிச் சுவரையோ சந்தேகப்படலாம். சுவரின் நடுவில் தனித்திட்டாக இருந்தால் பின்னால் குழாய் போகிறதா என்று பாருங்கள்.

குழாயைச் சோதிக்கத் தண்ணீர் மீட்டர் போதும். எல்லாக் குழாய்களையும் மூடி, மீட்டரில் எண்ணைக் குறித்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் யாரும் தண்ணீர் எடுக்காமல் இருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. தொட்டிக்குத் தானாகத் தண்ணீர் ஏறும் வீடாக இருந்தால் அந்த வால்வையும் மூடிவிட வேண்டும். வடிகால் குழாயின் ஒழுக்கு மீட்டரில் தெரியாது. உங்கள் தலைக்கு மேல் இன்னொரு வீடு இருந்தால், அவர்கள் குளித்த பிறகு ஈரம் கூடுகிறதா என்று கவனியுங்கள். அவர்களிடம் சண்டையாகப் போகாமல், இரண்டு நாள் நேரத்தைக் குறித்துக்கொண்டு போய்க் காட்டினால் பேச்சு சுலபமாக இருக்கும்.

குளிர்ந்த சீலிங்கில் அறையின் ஈரக்காற்று பட்டு வியர்ப்பதும் ஒழுகல் போலவே தெரியும். சமையல் ஆவி, குளியலறை ஆவி, உள்ளே காயப்போட்ட துணி எல்லாம் இதில் சேரும். சந்தேகமாக இருந்தால், அடுக்களையில் இருக்கும் அலுமினியத் தாளை ஓரடிச் சதுரமாக வெட்டி, அந்த இடத்தில் நான்கு ஓரமும் காற்றுப் புகாதபடி டேப் போட்டு ஒட்டுங்கள். ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அது அறைக்காற்றின் ஈரம். ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் விட்டால் சரியாகும். தாளின் உள்பக்கம், சீலிங்கைத் தொடும் பக்கம், ஈரமாக இருந்தால் தளத்துக்குள்ளிருந்து வருகிறது.

ஏசியின் வடிகுழாய் அடைத்துக்கொண்டாலும் சுவரில் இதே மாதிரிக் கறை விழும். ஏசி ஓடும் நாட்களில் மட்டும் நனைகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

மேலே ஏறிப் பார்க்கும்போது

மழை பெய்துகொண்டிருக்கும்போது ஏற வேண்டாம். பாசி பிடித்த தளம் சோப்பு போல வழுக்கும். மழை நின்ற மறுநாள் காலை சரியான நேரம். தளம் காய்ந்திருக்கும், பள்ளங்களில் மட்டும் தண்ணீர் நிற்கும். அதன் ஓரமாகச் சாக்பீஸால் கோடு போடுங்கள். மழை நின்று 48 மணி நேரம் ஆன பிறகும் தண்ணீர் நின்றால் அங்கே வாட்டம் சரியில்லை. தட்டையான தளம் என்று பெயரே தவிர, அது தட்டையாக இருக்கக் கூடாது. 100 அடி நீளத்துக்கு ஓரடியாவது வடிகால் பக்கமாகச் சரிய வேண்டும்.

வடிகால் துளையைச் சுத்தமாக வைத்திருப்பதைப் போல மலிவான வைத்தியம் வேறு இல்லை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 5,000 லிட்டர். அவ்வளவும் ஒன்றிரண்டு துளை வழியாகப் போக வேண்டும். நாலு சருகும் ஒரு பாலித்தீன் பையும் போதும், அத்தனையும் தேங்கிவிடும்.

அதற்கடுத்து சேர்க்கைகளைப் பாருங்கள். தளத்தின் நட்டநடுவைவிட இரண்டு பொருள் சேரும் இடத்தில்தான் தண்ணீர் அதிகம் இறங்குகிறது. கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலை, குழாய் இறங்கும் இடம், தொட்டியின் கால், கம்பம் நட்ட இடம், பழைய தளத்தோடு புதிதாக ஒட்டிக் கட்டிய பகுதி. வெயிலில் கான்கிரீட் நீளும், இரவில் சுருங்கும். 10 மீட்டர் நீளத் தளத்தின் வெப்பம் 30 டிகிரி மாறினால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நகரும். தினம் தினம் இப்படி நகரும் தளத்துக்கும் நகராமல் நிற்கும் சுவருக்கும் நடுவில் வெறும் சிமென்ட் பூசினால் அது எத்தனை நாள் தாங்கும்? இழுத்தால் நீளக்கூடிய அடைப்பான்தான் அங்கே வேண்டும்.

கைப்பிடிச் சுவரின் தலைப்பக்கத்தையும் தடவிப் பாருங்கள். அங்கே விழும் வெடிப்பில் மழை நேராக இறங்கும். சுவர் இடுக்கில் சின்னச் செடி முளைத்திருந்தால், இலையைக் கிள்ளிவிட்டு வந்துவிடாதீர்கள். வேர் உள்ளேயே இருக்கும், அடுத்த மழையில் இன்னும் தடித்து வெடிப்பை அகலப்படுத்தும். வேரோடு எடுத்து, அந்த இடத்தை அடைக்க வேண்டும்.

ஓட்டுக் கூரையாக இருந்தால் நடுப்பகலில் உள்ளே விளக்கை அணைத்துவிட்டு அண்ணாந்து பாருங்கள். ஊசிமுனை வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் சந்தேகத்துக்குரியது. முகட்டு ஓடுகளின் அடியில் இருக்கும் காரை உதிர்ந்திருக்கிறதா, இரண்டு சாய்வு சேரும் பள்ளத்தில் குப்பை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். மரச்சட்டத்தைக் கூரான ஆணியால் குத்தினால் எளிதாக இறங்கும் இடம் உளுத்துவிட்டது. தகரக் கூரையில் திருகின் அடியில் இருக்கும் ரப்பர் வாஷரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வெயிலில் அது காய்ந்து வெடித்துவிடும். தகரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் இடைவெளி மிகக் குறுகலாக இருந்தால், தண்ணீர் திரியில் எண்ணெய் ஏறுவது போல மேல்நோக்கியும் ஏறும். ஓட்டின் மேலும் தகரத்தின் மேலும் நடப்பது பழகியவர்கள் செய்யும் வேலை. நீங்கள் ஏணியில் நின்று பார்த்தால் போதும்.

தண்ணீர் விட்டுச் சோதிப்பது

கண்ணால் பார்த்தும் பிடிபடவில்லை என்றால் ரப்பர் குழாயால் தண்ணீர் விட்டுப் பார்க்கலாம். ஒருவர் மேலே, ஒருவர் கீழே கறையைப் பார்த்தபடி. எப்போதும் பள்ளத்திலிருந்து தொடங்கி மேட்டுக்குப் போங்கள். மேட்டில் தொடங்கினால் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துக்கொண்டு இறங்கும், எந்த இடுக்கில் புகுந்தது என்று தெரியாது. ஒவ்வொரு இடத்திலும் பத்துப் பதினைந்து நிமிடம் பொறுமையாக விடுங்கள். கீழே ஈரம் தெரிந்த உடனே நிறுத்திவிடுங்கள்.

தட்டைத் தளத்தில் வடிகாலை அடைத்து ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விட்டுப் பார்ப்பதும் வழக்கம். ஓர் அங்குலத் தண்ணீர் ஒரு சதுர மீட்டருக்கு 25 கிலோ கனம். சீலிங்கில் துருக் கறையோ பொள்ளலோ இருக்கும் பழைய தளத்தில் பொறியாளரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

இடம் தெரிந்து, மேலே பழுது பார்த்தாயிற்று என்றால், கீழே பெயின்ட் அடிக்க அவசரப்படாதீர்கள். தளத்துக்குள் ஊறிய தண்ணீர் வெளியேற வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் கறை சற்றுப் பெரிதானாலும் பதற வேண்டாம். உள்ளே இருந்தது வெளியே வருவதாக இருக்கலாம். பென்சில் கோடுகளை அழிக்காமல் வைத்திருங்கள். சீலிங் நன்றாகக் காய்ந்த பிறகு இரண்டு நல்ல மழை பெய்து, கடைசிக் கோட்டைக் கறை தாண்டாமல், புறங்கைக்குச் சில்லென்றும் படாமல் இருந்தால், அப்போது சுரண்டிப் பட்டி பார்க்க ஆளைக் கூப்பிடலாம்.